ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்கள்

அந்த ரெஜிஸ்டரை எழுதியது நான். அதில் ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்களைக் காலியாக விட்டதும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் மேல் தப்பே இல்லையா என்று பிறகு யாரும் கேட்க வேண்டாம்.

சுனாமி முடிந்து சில ஆண்டுகள் கழித்து, எங்கள் ஊர்ப் பெண்கள் குழுவுக்கு அரசுத் திட்டத்தில் ஒரு மீன் கூண்டு கிடைத்தது. வட்டமான பெரிய மிதவை, அதிலிருந்து கடலுக்குள் தொங்கும் வலை, வலைக்குள் விரல் நீளக் கொடுவா மீன் குஞ்சுகள். அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டிய தூண்டில் வளைவுக்குப் பக்கத்தில், கரையில் நின்றால் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நங்கூரம் போட்டு நிறுத்தினார்கள். குழுவில் பத்துப் பெண்கள். நான் பிளஸ் டூ வரை படித்திருந்ததால் செயலாளர் ஆக்கினார்கள்.

காகிதத்தில் பெயர் எங்களுடையது. கடலில் வேலை என் வீட்டுக்காரருடையது. வள்ளம் தள்ளும்போது அவருக்குத் தோள் விலகி, அது சரியாகவே இல்லை. அதற்குப் பிறகு எந்த வள்ளத்திலும் அவரைக் கூப்பிடவில்லை. கடற்கரையில் வேலையில்லாமல் நிற்கிற ஆண்பிள்ளையிடம் எல்லோரும் அன்பாகத்தான் பேசுவார்கள். அந்த அன்பைப் போலக் கேவலம் வேறில்லை. கூண்டு வந்த பிறகு காலையும் மாலையும் சாளை மீனை நறுக்கிக் கூடையில் எடுத்துக்கொண்டு, சின்ன வள்ளத்தில் போய்த் தீனி போட்டுவிட்டு வருவார். ஒற்றைக் கையால் துடுப்புப் போடவும் பழகிக்கொண்டார். கூண்டு இருந்தால் அவர் கடலுக்குப் போகிற ஆள். இல்லையென்றால் வீட்டில் கிடக்கிற ஆள். எனக்கு அந்தக் கூண்டைப் பற்றித் தெரிந்திருந்தது அவ்வளவுதான், அது போதுமானதாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கரையிலிருந்து யாரும் கடலில் இறங்கமாட்டார்கள். காலையில் சர்ச்சில் பூசை, அதோடு அன்றைக்குத் தொழில் இல்லை. மீறினால் ஊர்க்கமிட்டி கூப்பிட்டு விசாரிக்கும். இதைப் பயிற்சி கொடுக்க வந்த சாரிடம் முதல் நாளே சொன்னோம். வாரத்தில் ஒரு நாள் தீனி இல்லாவிட்டால் மீனுக்கு ஒன்றும் ஆகாது, வயிறு காய்வது நல்லதுதான் என்றார். சொன்னார், எழுதித் தரவில்லை. எழுதி வாங்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை.

ரெஜிஸ்டரில் தேதி, நேரம், தீனி, போட்டவர் கையெழுத்து என்று கட்டங்கள். தினமும் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை போடவில்லை, அதனால் எழுதவில்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அடுத்த முறை குஞ்சு விட அனுமதி வேண்டுமென்றால் ஆய்வு நடக்க வேண்டும். மீன்வளத்துறை ஆபீசர் ஜீப்பில் வந்தார். என் வீட்டுக்காரர் வள்ளத்தைக் கழுவி, உட்கார ஒரு பலகையும் போட்டு வைத்திருந்தார். ஆபீசர் அலையைப் பார்த்தார், தன் பேண்டைப் பார்த்தார், ஏலக்கூடத்தில் நாற்காலி கேட்டார். கூண்டைப் பார்க்கவே இல்லை. ரெஜிஸ்டரைத்தான் பார்த்தார்.

"ஏம்மா, ஞாயித்துக்கிழமை ஆனா மீனுக்குப் பசிக்காதா?"

நான் வாய் திறப்பதற்குள் குழுவில் மூத்த அக்கா, மீன் விற்று ஊரெல்லாம் வாய் பழகியவள், "சாருக்கு ஞாயித்துக்கெழம லீவு இல்லியா? மீனுக்கும் அன்னைக்கு லீவுதான்" என்றாள்.

எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை அவர் மறக்கவில்லை. "பராமரிப்புக் குறைபாடு" என்று எழுதினார். பயிற்சி சார் சொன்னதைச் சொன்னேன். "எங்க சொல்லியிருக்கார்? எந்தப் பேப்பர்ல?" என்றார். ஜீப்பில் ஏறும்போது மட்டும் குரலைத் தாழ்த்தி, "காலியா இருக்கிறத நிரப்பி ஆபீசுக்குக் கொண்டு வாங்க" என்றார்.

அன்று மாலையே ரெஜிஸ்டரை வீட்டுக்காரர் முன்னால் வைத்தேன்.

"ஞாயித்துக்கெழம நான் கடலுக்குப் போவலியே" என்றார்.

"போவலைன்னு எனக்குத் தெரியாதா? கையெழுத்துதானே. கமிட்டிக்காரங்க யாரும் இதப் பாக்கப் போறதில்ல."

"கமிட்டி பாக்காண்டாம் ஏட்டி. எனக்குத் தெரியும்லா." பேனாவைத் தொடவே இல்லை.

எனக்குக் கோபம். இருந்தாலும் அவர் சொன்னதில் நியாயம் இருந்ததால், விஷயத்தை விளக்கி ஒரு கடிதம் எழுதி, நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினேன். ஆபீசர் கடிதத்தைப் பாதிதான் படித்தார். பக்கத்து ஊர்க் குழுவின் ரெஜிஸ்டரை எடுத்து என் முன்னால் போட்டார். "இதப் பாருங்க. இப்படி இருக்கணும்."

பார்த்தேன். ஒரு கட்டம் விடாமல் நிரப்பியிருந்தது. எல்லா நாளும் ஒரே நேரம், ஒரே தீனி, ஒரே பேனா. புயல் கொடி ஏற்றி ஒரு வள்ளமும் இறங்காத வாரத்திலும் காலை ஏழு, மாலை ஐந்து. கிறிஸ்துமஸ் அன்றும் காலை ஏழு, மாலை ஐந்து. அந்த ஊரும் எங்களைப் போல ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற ஊர்தான். அந்தக் கூண்டில் வலை கிழிந்து மீனெல்லாம் போய் மாதக்கணக்கானது எங்கள் கரை முழுக்கத் தெரியும்.

"சார், அவங்க கூண்டுல மீனே இல்ல."

"ரெஜிஸ்டர்ல இருக்கே" என்றார்.

வீட்டுக்கு வந்து, வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருந்த நேரத்தில், எல்லா ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்களையும் நிரப்பினேன். காலை ஏழு, மாலை ஐந்து. கையெழுத்தையும் நானே போட்டேன். அவருடைய கையெழுத்து சின்னப் பிள்ளை எழுத்து மாதிரி. போடுவதற்குக் கஷ்டமே இல்லை. ஆபீசில் கொண்டுபோய்க் காட்டினேன், அனுமதி வந்தது. ஆய்வுக் குறிப்பில் "திருப்தி" என்று இருந்தது. அவரிடம், கடிதத்தை ஏற்றுக்கொண்டார்கள் என்று பொய் சொன்னேன். புதுக் குஞ்சுகளை விடும்போது அவர் முகத்தைப் பார்த்து, செய்தது தப்பில்லை என்றே நினைத்தேன். அதற்குப் பிறகும் ஞாயிறு தோறும் நிரப்பினேன். மற்ற நாட்களில் நான் விரல் வைத்துக் காட்டுகிற கட்டத்தில் அவர் கையெழுத்துப் போடுவார், மேலே கீழே பார்க்கமாட்டார்.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கோயில் முற்றத்தில் நிற்கிறோம், ஜீப் வருகிறது. நாகர்கோவிலில் ஏதோ கல்யாணத்துக்கு வந்த பெரிய ஆபீசர், போகிற வழியில் கூண்டைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார். பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம். கூடவே நம் பழைய ஆபீசர்.

பெரிய ஆபீசர் ரெஜிஸ்டரைக் கேட்டு வாங்கி முந்தின வாரங்களைப் புரட்டினார். "ஞாயிற்றுக்கிழமை காலை ஏழுக்குத் தீனி போடறதா எழுதியிருக்கு. இப்ப மணி எட்டரை. ஒரு வள்ளம்கூட நனையலையே? யாருங்க இது, கையெழுத்துப் போட்டவர்?"

என் வீட்டுக்காரரை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கமிட்டிக்காரர்களும்தான். அவர் வந்து ரெஜிஸ்டரைக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் பழைய ஆபீசரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை, நான்தான் நிரப்பச் சொன்னேன் என்று ஒரே ஒரு வார்த்தை. அவர் வாய் திறந்து, "நானும் பல தடவை எச்சரிச்சிருக்கேன் சார்" என்றார்.

"இது எனக்க கையெழுத்து இல்ல சார்" என்றார் என் வீட்டுக்காரர். "ஞாயித்துக்கெழம நாங்க கடல்ல எறங்கமாட்டோம்."

பொய்ப் பதிவு என்று அனுமதியை ரத்து செய்தார்கள். மீன் பாதி வளர்த்தியில் இருந்தது. வந்த வியாபாரிக்கு அள்ளிக் கொடுத்தோம். மிதவையை இழுத்து வந்து கரையில் போட்டார்கள். பக்கத்து ஊர்க் கூண்டு, மீன் இல்லாமல், அனுமதியோடு மிதந்துகொண்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து அவர் சண்டை போடவில்லை. சோறு தின்று கை கழுவும்போது, "எனக்க கையெழுத்த நீ என்னைவிட நல்லாப் போடுக ஏட்டி" என்றார். அடித்திருந்தால்கூடத் தேவலை.

இப்போது தேங்காய்ப்பட்டணத்தில் ஒரு ஐஸ் பிளான்ட் வாசலில் வாட்ச்மேன் வேலை பார்க்கிறார். லாரி வந்தால் கேட்டைத் திறக்க வேண்டும், போனால் மூட வேண்டும். அதற்கு ஒரு கை போதும். கடலில்தான் யாரும் இறங்கக்கூடாது, ஐஸ் பிளான்ட் வாசலில் உட்காரக் கமிட்டிக்குத் தடையில்லை. ஞாயிற்றுக்கிழமையும் டியூட்டி. கோயிலில் முதல் மணி அடிக்கும்போது அவர் பஸ்ஸுக்குப் போகிறார், நான் தனியாகப் பூசைக்குப் போகிறேன்.