நாற்பதில் அணைந்த போன்

பேட்டரி தேய்ந்துபோன என் போனை, நல்ல போன் என்று சொல்லி எங்கள் குடியிருப்பான தாமானில் காவல் பார்த்த ஜாகா பெண்ணுக்கு விற்றேன். அந்தப் போனால் அவர் வேலை போனபோதும் வாயைத் திறக்கவில்லை. இரண்டையும் தெரிந்தே செய்தேன்.

நான் இடைநிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். மலேசியாவில், ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். ஈப்போவில் போன் கடைக்காரர் சோதித்துப் பார்த்து, பேட்டரியை மாற்றினால்தான் விலை போகும் என்றார். எனக்கு மாற்ற மனமில்லை. ஜாகா பெண் மலிவாக ஒரு போன் தேடிக்கொண்டிருந்தார். முழுதாகச் சார்ஜ் ஏற்றி, திரையில் நூறு தெரியும்படி கொடுத்தேன்.

தாமானைச் சுற்றி வரும்போது, கம்பங்களில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறிகளைப் போன் கேமராவால் ஸ்கேன் செய்தால்தான் அவருடைய சுற்று பதிவாகும். தேய்ந்த பேட்டரி நாற்பது சதவீதம் என்று காட்டும்; கேமரா திறந்ததும் அந்தச் சுமையைத் தாங்காமல் போன் அணைந்துவிடும். இதையே பேட்டரியின் உள்தடை என்று கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்தியவன் நான்.

சில நாளில் வந்து சொன்னார்.

"சார், நாப்பது காட்டுது. ஸ்கேன் பண்ணப் போனா செத்துருதுலா."

"வீடியோ பாக்குறத கொறைங்கம்மா."

"எங்க சார் வீடியோ? நாய் தொரத்துறதப் பாக்கவே நேரம் சரியா இருக்கு."

சிரித்து அனுப்பிவிட்டேன்.

பல சுற்றுகள் பதிவாகவில்லை. தாமான் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "நம்ம ஜாகா நல்லா தூங்குது போல" என்று எழுத, பலர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். காவல் நிறுவனம் அவரை வேலையிலிருந்து நிறுத்தியது. சங்கத்தின் சார்பில் சம்மதம் சொன்னவன் நான்தான்.

அடுத்து வந்த ஜாகா ஒரு சுற்றும் தவறவில்லை. குழுவில் அவரைப் புகழ்ந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. சங்கத் தலைவரிடம் உண்மையைச் சொன்னேன். "பழைய கத சார், விடுங்க" என்றார்.

அவரைத் தேடிச் செமோருக்குப் போனேன். மூடிப்போன ஒரு ரப்பர் தோட்டத்து வீட்டில் அந்தப் பெண் இருந்தார். பேட்டரியை மாற்றித் தருகிறேன் என்றேன்.

"நானே மாத்திட்டேன். எப்பவோ கெட்டதுன்னு கடைக்காரன் சொன்னான். சாருக்குத் தெரியாம இருந்திருக்கும்னு நெனச்சேன்."

"தெரியும்" என்றேன். தலைவரிடம் ஒப்புக்கொண்டதையும் சொன்னேன்.

"தலைவருகிட்ட சொல்லி என்ன சார்? தூங்குறேன்னு சிரிச்சது குரூப்புலதானே? அது எல்லாத் தாமானுக்கும் போயிருச்சு. எங்க கேட்டாலும் வேல இல்லங்கிறாங்க" என்றார்.

அங்கேயே நின்று, நடந்ததை முழுவதும் குழுவுக்கு அனுப்ப என் போனில் எழுதினேன். அவர் வாங்கிப் படித்துவிட்டு, "அனுப்புங்க" என்றார்.

முதலில் வந்த பதில், "அப்ப ஜாகா தூங்கல, சார்தான் தூங்குன மாரி நடிச்சாரா?" அதற்கும் சிரித்தார்கள். அன்றே செயலாளர் பொறுப்பிலிருந்து விலகினேன். நான் எழுதியதைக் காவல் நிறுவனத்துக்கும் அனுப்பினேன். நிறுவனம் அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. எங்கள் தாமானுக்கே போகலாம் என்றார்களாம். அவர் மறுத்து, செமோரிலேயே வேறொரு தாமானைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நான் போன் செய்தால் எடுப்பதில்லை.