எர்த்து இல்லாத வண்டி

"நாஸ்தா துன்னியா?" என்று சதுரங்கப்பட்டினம் டீக்கடையில் யாராவது கேட்டால், பதில் சொல்ல எனக்கு இன்னும் ஒரு கணம் பிடிக்கிறது. ரங்கூன் நண்பர்களே, தமிழ் தேசத்துக்கு வந்து தமிழ் புரியாமல் முழிக்கிறேன். 'ஊர் திரும்பியவன்' என்று எனக்குப் பெயர் வேறு. பிறந்தது அங்கே, வளர்ந்தது அங்கே. இங்கே எப்படித் திரும்பினேனாம்? விளக்கம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

கரண்ட் வேலை பார்க்கும் என்னைத் தேடி, சென்ற வாரம் மாமல்லபுரத்திலிருந்து ஆள் வந்தது. சிற்பங்களை வரைய வந்த ஒரு துரையும் துரைசானியும், கட்டில், அடுப்பு, விசிறி எல்லாம் வைத்த வீட்டு வண்டியைச் சவுக்குத் தோப்பில் நிறுத்தியிருந்தார்கள். பக்கத்துப் பங்களாவிலிருந்து வயர் இழுத்துக் கரண்ட். சமையலுக்கு வரும் முனியம்மா வண்டியைத் தொடவே மறுக்கிறாளாம். தொட்டால் தங்களுக்கு ஒன்றும் ஆகாததால், வேலைக்குச் சோம்பி நடிக்கிறாள் என்று நினைத்து, மறுநாளே வேறு ஆள் வைப்பதாக இருந்தார்கள்.

"புட்ச்சி இழுக்குது அண்ணாத்த! பொய்யா சொல்றேன்? எம்புருசன் கால் ஒட்ஞ்சி வூட்ல கெடக்கறான். இந்த வேலையும் பூட்டா இன்னா பண்ணுவேன்?"

அவள் காலைப் பார்த்தேன். வெறுங்கால், ஈரக்கால். துரைக்கும் துரைசானிக்கும் தடித்த ரப்பர் அடி வைத்த பூட்ஸ். பாதி விஷயம் அங்கேயே விளங்கிவிட்டது. பங்களாவில் பிளக் மாட்டும் இடத்தில் இரண்டே ஓட்டை. அதற்காக, கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் மூன்றாவது வயரை யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள்.

"நோ எர்த்து" என்றேன் துரையிடம்.

அவர் மணலைக் காலால் தட்டி, "பிளென்டி!" என்று சிரித்தார்.

முனியம்மா என்னை முறைத்தாள். "எருது இன்னாத்துக்கு? மோட்டார் வண்டியாச்சே!"

சிரிக்கிற நேரமில்லை, இருந்தும் சிரித்துவிட்டேன். ஈர மணலில் ஒரு கம்பியைச் செருகி, அதற்கும் வண்டியின் தகரத்துக்கும் நடுவே சோதனை விளக்கைப் பிடித்தேன். எரிந்தது. துரையின் சிரிப்பு நின்றது. ஒவ்வொரு வயராகக் கழற்றிப் பார்த்தேன். விசிறி வயரைக் கழற்றியதும் விளக்கு அணைந்தது. பாதைக் குலுக்கலில் ஒரு திருகு அதன் தோலைத் தின்றிருந்தது.

வயரை மாற்றினேன். பிறகு எர்த்துக்கு மணலில் இரும்புக் குழாய் அடித்து, வண்டியோடு வயரால் இணைத்தேன். ரங்கூனில் எங்கே அடித்தாலும் நாலடியில் தண்ணீர் வரும். அந்த மண் யாரையும் உடனே ஏற்றுக்கொள்ளும். இந்தக் கடற்கரை மணலிடம் உப்பும் கரியும் போட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. இடுப்பு ஒடிந்துவிட்டது போங்கள்.

"செருப்பக் கழட்டிட்டு நீ தொடு மொதல்ல" என்றாள் முனியம்மா. ஈரத்தில் வெறுங்காலோடு நின்று கைப்பிடியைப் பற்றினேன். ஒன்றுமில்லை. அவளும் ஒரு விரலால் தொட்டாள், பிறகு முழுக் கையால் பிடித்தாள். அப்படியே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துரைசானி அவளருகே வந்து ஏதோ மெதுவாகச் சொல்லி, கையைப் பிடித்தாள். வேலை போகவில்லை.

மழைக்கு முன் தெற்கே கிளம்பும்போது குழாயை என்ன செய்வது என்று துரை கேட்டார். பிடுங்கிக்கொள்ளுங்கள், நிற்கிற இடத்தில் மறுபடி அடித்துத் தண்ணீர் ஊற்றுங்கள் என்றேன்.

"இன்னா கேக்கறாரு?" என்றாள் முனியம்மா. சொன்னேன்.

"அப்போ, எந்த ஊரு மண்ணுன்னாலும் இதுக்குப் போதுமா?"

"போதும்."

ஒரு காலில் செருப்பை மாட்டியிருந்தேன். இன்னொரு கால் ஈர மணலிலேயே இருந்தது.

"குட்த்து வெச்ச வண்டி" என்றாள்.