சவரியம்மாள் டீச்சர் கேட்ட கிணறு

சேலத்து பஸ் கண்டக்டர்தான் செய்தியைக் கொண்டுவந்தார். ஜேடர்பாளையம் கடைவீதியில் என்னைப் பார்த்ததும் இறங்கி வந்து, "நம்ம தையல் டீச்சரம்மா போயிட்டாங்க சாமி. அயோத்தியாப்பட்டணத்துல தங்கச்சி ஊட்லயே உசுரு போயிருச்சாமா" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. அந்த அம்மாளை ஊரைவிட்டு விரட்டியவர் குத்துக்கல்லாட்டம் இருக்கிறாரே என்ற வயிற்றெரிச்சல்தான் முதலில் வந்தது.

சவரியம்மாள் டீச்சரை உங்களுக்கெல்லாம் தெரியும். சேலத்திலிருந்து மாதர் சங்கத்துக்குத் தையல் சொல்லித்தர வந்த விதவை. அவரைப் பஞ்சாயத்தில் பெண் உறுப்பினராகச் சேர்த்ததே பழைய தலைவர்தான். வெளியூர்க்காரி, வேதக்காரி, ஊரில் சொந்தபந்தம் இல்லாதவர், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார் என்பது அவர் கணக்கு.

பஞ்சாயத்துக் கூட்டம் அந்த நாளில் தலைவரின் தோட்டத்து வீட்டில்தான் நடக்கும். முதலில் இலை போடுவார்கள், அப்புறம்தான் தீர்மானம். ஒரு வீட்டில் கை நனைத்துவிட்டு அந்த வீட்டுக்காரரை எதிர்த்துப் பேசுவது நம் பக்கத்து வழக்கமில்லை என்று தலைவருக்கு நன்றாகத் தெரியும். நானும் உறுப்பினர்தான்; ஆனால் எனக்கும் அவருக்கும் வரப்புத் தகராறு இருந்ததால் நான் அங்கே சாப்பிடுவதில்லை. டீச்சரும் முதல் நாளே இலையில் உட்காரவில்லை. ஏனென்று தலைவர் கேட்டார். "இங்க கை நனைச்சுட்டா அப்புறம் கை தூக்கறது கஷ்டமுங்க" என்றார் டீச்சர். தலைவர் சிரித்தார். அதைப் பரிகாசம் என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு கீழத்தெருவுக்குக் குடிதண்ணீர்க் கிணறு வெட்ட சர்க்காரிலிருந்து பணம் வந்தது. கீழத்தெருப் பெண்கள் வாய்க்காலில் மாடு குளிக்கும் தண்ணீரைத்தான் குடத்தில் மொண்டு போவார்கள். தலைவரோ கிணற்றைத் தன் தோட்டத்து ஓரத்தில் வெட்டத் தீர்மானம் கொண்டுவந்தார். சாப்பிட்டவர்கள் எல்லோரும் கை தூக்கினார்கள். டீச்சர் எழுந்து, இது யாருடைய கிணறு என்று கேட்டார். சனங்கள் தன்னைத்தான் தேர்ந்தெடுத்தார்கள், தான் சொல்வதுதான் சனங்கள் சொல்வது என்றார் தலைவர்.

டீச்சர் குரலை உயர்த்தவே இல்லை. "ஓட்டுப் போட்டவங்க உங்களுக்கு வேலை சொல்லி அனுப்பியிருக்காங்க. ஊரை எழுதிக் குடுக்கலீங்க."

அந்த மாதமே தையல் வகுப்பை மூடினார்கள். குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லி, தையல் மெஷினை மழையில் தெருவில் வைத்தார்கள். வாயில் சொல்லக் கூசும் பேச்சையும் பரப்பினார்கள். கிணறு தோட்டத்தில்தான் வெட்டப்பட்டது. அதில் ஆயில் என்ஜின் பூட்டிக் கரும்பு பாய்ச்சினார் தலைவர். கீழத்தெரு வாய்க்காலுக்கே போய்க்கொண்டிருந்தது.

தங்கச்சி வீட்டோடு போய்விட்ட டீச்சரை அயோத்தியாப்பட்டணத்தில் போய்ப் பார்த்தேன். தலைவருக்காகத் தினமும் ஜெபம் செய்வதாகச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் கரும்பு கருகிப்போக வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஜெபம் வராது என்றேன். டீச்சர் சிரித்துவிட்டு, "ஜெபம் வரலைன்னா போகட்டும். எலெக்‌ஷன் வருதில்லீங்களா, நில்லுங்க" என்றார்.

நின்றேன். ஊருக்கு நல்லது செய்வதற்காக நின்றேன் என்று பொய் சொல்ல மாட்டேன். பழி தீர்க்கத்தான் நின்றேன். கீழத்தெருப் பெண்கள் விடிவதற்குள் வரிசையில் நின்று தலைவரைக் கவிழ்த்தார்கள். புதுக் கிணறு ஒன்றைக் கீழத்தெருவின் நடுவில் வெட்டினோம். முதல் குடத்தை டீச்சர் கையால் இறைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். அதற்குள் அவர் படுத்துவிட்டார்.

இப்போது பழைய தலைவர் ஆள் விட்டிருக்கிறார். டீச்சரைப் பஞ்சாயத்துக்குக் கொண்டுவந்தவர் என்ற முறையில் இரங்கல் கூட்டத்தில் அவர் நாலு வார்த்தை பேச வேண்டுமாம். தாராளமாக வரட்டும். கூட்டம் கீழத்தெருவில், கிணற்றடியில். மேடை கிடையாது, நாற்காலி கிடையாது. பேசித் தொண்டை வறண்டால் அந்தப் பெண்களிடம்தான் அவர் தண்ணீர் கேட்க வேண்டும்.

டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு கேள்வியைத்தான்: இது யாருடைய கிணறு? அவருடைய மன்னிக்கும் குணம் எனக்கு ஒட்டவே இல்லை. அந்தப் பெண்களுக்கு ஒட்டியிருக்கிறது. கேட்டால் சொம்பு நிறையக் கொடுத்துவிடுவார்கள். நானாயிருந்தால் கொடுக்க மாட்டேன்.