நாற்பத்திரண்டு கட்டுகள்

ஜூலை பதினாறு, காலை ஒன்பது இருபது. கச்சான் காற்று மண்ணை வாரி அடித்ததால் ஜன்னல் மூன்றையும் சாத்திவிட்டுத் தூத்துக்குடிக் கோயில் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் கணினியின் ஹார்ட் டிஸ்க் முந்தின நாள் செத்துப்போயிருந்தது. அதில் இருந்தவை கடற்கரை ஊர்களின் பழைய ஞானஸ்நானப் பதிவுகள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஆறு வருடம் நான் படமெடுத்தவை. மூலப் புத்தகங்களில் பாதியைச் செல் அரித்துவிட்டது. மறுபிரதி பெரியதாழைக் கோயில் கணினியில் இருந்தது. இனி அது ஒன்றுதான்.

புது டிஸ்க் மாட்டிய கணினிக் கடைக்காரம்மா அங்கிருந்து இணையம் வழியாகப் பிரதியெடுக்கத் தொடங்கினார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நிமிடத்துக்கு இருபத்தாறு ஃபைல். மொத்தம் 4,12,306. முடிய பதினோரு நாள்.

அப்போது பெரியதாழை உபதேசியார் போனில் வந்தார். "அண்ணாச்சி, இங்கன பெட்டிக்குள்ள டக்கு டக்குன்னு சத்தம் கேக்கு. பல்லியோன்னு தட்டிப் பாத்தேன்."

"ஓய், தட்டாதீரும்!"

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த கடைக்காரம்மாவின் முகம் மாறியது. "அந்த டிஸ்க்கும் போகப் போவுது. பதினோரு நாள் தாங்காது."

"ஏம்மா இவ்வளவு மெதுவா வருது?"

"நீங்க வெச்ச சட்டம்தான் அண்ணாச்சி. ஒரு பிள்ளைக்கு ஒரு ஃபைல், ஒவ்வொண்ணையும் சரிபாத்துட்டுத்தான் அடுத்ததுன்னீங்க. படம் வாரது கண்சிமிட்டுற நேரம். 'வந்துச்சா, வந்துச்சு'ன்னு ரெண்டு பெட்டியும் பேசிக்கிடத்தான் ரெண்டு செகண்டு. துறைமுகத்துலயும் இப்படித்தான் மூட்டை மூட்டையா எண்ணினியளா?"

சுருக்கென்றது. முப்பத்தொரு வருடம் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் குமாஸ்தாவாக இருந்தவன் நான். கப்பலில் இருந்து இறங்கும் மூட்டைகளை யாரும் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. கிரேன் தூக்கும் கயிற்றுச் சிலிங் ஒன்றுக்கு இருபது மூட்டை. சிலிங்கை எண்ணுவோம், தூக்கு கோணலாக வந்தால் மட்டும் பிரித்துப் பார்ப்போம்.

"அப்ப பத்தாயிரம் ஃபைலை ஒரே கட்டாக் கட்டி அனுப்ப முடியுமா? கட்டை மட்டும் சரிபாப்போம்."

"இத ஒம்பது இருபதுக்கே சொல்லியிருக்கலாம்லா!" என்று சிரித்துக்கொண்டே தட்டச்சு செய்தார். "ஒண்ணு கொறஞ்சாலும் எனக்குக் கூலி வேண்டாம். கொறையலேன்னா நீங்க ஒரு கிலோ முந்திரி மக்ரூன் வாங்கித் தரணும்."

பத்து நாற்பதுக்கு முதல் கட்டு கிளம்பியது. ஒன்று போய்க்கொண்டிருக்கும்போதே அடுத்ததைக் கட்டச் சொன்னார். பதினேழாவது கட்டு தொகை ஒத்துவராமல் நின்றது. அதை மட்டும் திரும்ப அனுப்பினார், ஒத்தது. உபதேசியார் ஒவ்வொரு கட்டுக்கும் போன் செய்து, "இன்னும் டக்கு டக்குங்குது, உசிரோட இருக்கு" என்றார்.

மாலை ஐந்து முப்பதுக்கு நாற்பத்திரண்டாவது கட்டு வந்து சேர்ந்தது. ஆறு மணி ஐம்பது நிமிடம். எல்லாவற்றையும் பிரித்து எண்ணச் சொன்னேன். 4,12,306. நம்பாமல் இன்னொரு முறை எண்ணச் சொன்னேன். அதே எண். அந்தச் சின்ன அறையில் இரண்டு பேரும் கை தட்டினோம்.

மறுநாள் காலை ஏழேகாலுக்கு உபதேசியார் அழைத்தார். "அண்ணாச்சி, சத்தம் நின்னுட்டு. பெட்டி தொறக்கவே மாட்டேங்குது."

"நிக்கட்டும் ஓய்!" என்றேன். என் வாழ்நாளில் கெட்ட செய்தியைக் கேட்டு நான் சிரித்தது அன்று ஒரு நாள்தான்.

மக்ரூன் ஒரு கிலோ, அட்டைப்பெட்டி உட்பட: தொள்ளாயிரத்து அறுபது ரூபாய்.