நான் கெடுத்த மூன்று சம்மட்டிகள்

எங்கள் கம்மாலையில் சம்மட்டி என்னுடையது. புளியங்குளத்தில் வீட்டுக்குப் பக்கத்திலேயே தகரம் போட்டு கத்தி அடிக்கிறோம். என் மனுசன் இருந்துகொண்டு காய்ந்த இரும்பைக் குறட்டால் பிடிப்பார், சின்னச் சுத்தியலால் தட்டி இடம் காட்டுவார். நான் நின்றுகொண்டு அந்த இடத்தில் சம்மட்டியைப் போடுவேன். புருஷன் பெண்சாதி சண்டையை இதிலேயே தீர்த்துக்கொள்ளலாம் என்று அயல் சனம் பகிடி பண்ணும். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் ஏழு வருடமாக, சம்மட்டியைத் தூக்குகிற ஒவ்வொரு தடவையும் நான் முதலில் அவர் முகத்தைத்தான் பார்ப்பேன். அவருக்கு இருப்பது ஒரு கண். மற்றக் கண் போனது நான் போட்ட அடியில்.

அன்றைக்குப் பழைய சம்மட்டி வெடித்துவிட்டதால் வவுனியாவில் புதிதாக ஒன்று வாங்கி வந்திருந்தோம். சிவப்புப் பெயின்ற் அடித்தது. முகம் வழுவழுப்பாக இருந்தது, ஓரம் கூராக இருந்தது. கடைச் சம்மட்டியை அப்படியே பாவிக்கக் கூடாது. ஓரத்தைச் சுற்றிவரத் தேய்த்து உருட்ட வேண்டும், முகத்தை மெல்லிய மேடாக்க வேண்டும். அது இருவருக்கும் தெரியும். நாளைக்குச் செய்யலாம் என்று அப்படியே அடித்தோம். ஒரு அடி சரிந்து பட்டடையின் விளிம்பில் விழுந்தது. சம்மட்டி ஓரத்திலிருந்து அரிசி மணியளவு இரும்பு தெறித்தது. அவர் கத்தவில்லை. குறட்டை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, "கண்ணுக்குள்ள ஏதோ விழுந்திட்டுது, ஒருக்காப் பார்" என்றார். பார்த்தேன். பார்த்ததை எழுத எனக்கு இன்றைக்கும் மனம் வரவில்லை.

யுத்தத்தில் செல் குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்களில் பங்கருக்கு வெளியே அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சியவள் நான். என்னைத் துணிந்த கட்டை என்றுதான் சொந்தக்காரர் சொல்வார்கள். அந்தத் துணிவெல்லாம் ஒரு அரிசி மணியோடு போய்விட்டது.

அதற்குப் பிறகு அவர் கடைச் சம்மட்டியைத் தொடவில்லை. ஓமந்தையில் பழைய இரும்புக் கடையொன்றில் லொறி அச்சுத் துண்டுகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, என் கைக்கு ஏற்ற பாரத்தில் ஒன்றை எடுப்பார். பிடிக்கு ஓட்டை போட்டு, முகத்தை மேடாக்கி, ஓரத்தை உருட்டுவது வரை ஆறுதலாகச் செய்வார். கடைசியில்தான் பெரிய வேலை. முகத்தைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பார். அப்போது அது கல்லாக இறுகும். பிறகு கொஞ்சம் தேய்த்து, உள்ளிருக்கும் சூடு மெல்ல முகத்துக்கு வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். வெளிறிய மஞ்சள் வரும், பிறகு தேன் நிறம், அதைத் தாண்டினால் ஊதா, நீலம். தேன் நிறத்தில் நிறுத்தினால்தான் சம்மட்டி சரி. நீலத்துக்குப் போனால் இளகிவிடும். இறுக்கம் சரிதானா என்று மற்றவர்கள் அரத்தால் உரசிப் பார்ப்பார்கள். அவர் பார்க்க மாட்டார்.

"கண் இருக்கிறவனுக்கு அரம் என்னத்துக்கு?" என்பார். ஒரு கண்ணை வைத்துக்கொண்டுதான் இந்தப் பெருமை.

எனக்கோ, இறுகின இரும்பு என்றாலே அந்த அரிசி மணிதான். "பிழை இறுக்கத்தில இல்லை, ஓரத்திலயடி. ஓரத்தை உருட்டினா பிறகேன் தெறிக்கப்போகுது?" என்று அவர் எத்தனையோ தரம் சொன்னார். என் தலைக்கு விளங்கியது. கைக்கு விளங்கவில்லை.

இந்த வருடம் புதுச் சம்மட்டி ஒன்றைச் செய்து, பிடி போடச் சொல்லித் தந்துவிட்டு, முல்லைத்தீவுக் கடற்கரைச் சனம் சொல்லிவைத்த மீன் கத்திகளோடு பஸ் ஏறினார். பிடி போடுவது எப்போதும் என் வேலை. ஆனால் அவர் இல்லாமல் சம்மட்டித் தலையோடு நான் தனிய இருந்தது அதுதான் முதல் தடவை. கொய்யாக் கம்பைச் சீவிக்கொண்டிருந்தவள், எழும்பிப்போய்க் கம்மாலை அடுப்பை மூட்டினேன். சம்மட்டித் தலையை அதற்குள் வைத்துச் சிவக்கக் காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்து ஆறவிட்டேன். அப்படி ஆறினால் தோய்த்த இறுக்கமெல்லாம் போய்விடும். ஆறியதும் கறுப்புப் போகக் கல்லில் உரைத்து, பழையபடி மினுக்கிப் பிடி போட்டேன். அன்றைக்கு நிம்மதியாகச் சோறு சாப்பிட்டேன்.

இரண்டு கிழமையில் சம்மட்டி முகம் குழி விழுந்தது, ஓரம் பரந்தது. அந்தக் குழியெல்லாம் கத்தியின் உடம்பிலும் பதிந்தது. அவர் தடவிப் பார்த்து, "அச்சு சரியில்லை" என்றார். வேறு அச்சில் இரண்டாவதைச் செய்தார். பிடி போடத் தந்தார். அவர் வெளியே போன நேரம் பார்த்து நான் அதையும் காய்ச்சிச் சாம்பலுக்குள் வைத்தேன். அதுவும் குழி விழுந்ததும் தண்ணீரைக் குறை சொன்னார், கிணறு மாற்றினார். மூன்றாவதும் அப்படியே போனபோது அவர் எதையும் குறை சொல்லவில்லை. சம்மட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் இருந்து, அதை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நிறம் பிழையாத் தெரியுது போல" என்றார். "இந்தக் கண்ணும் போகுது."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. சொன்னால் நாளைக்கே நாலாவதைச் சரியாகச் செய்வார். அந்த இறுகிய இரும்பை நான் தூக்கி, மிஞ்சியிருக்கிற ஒரு கண்ணுக்கு நேரே போட வேண்டும். கண் டொக்டர் ஒன்றுமில்லை என்று சொன்னால் அவருக்கு மனம் ஆறும், எனக்கும் சொல்ல வேண்டி வராது என்று கணக்குப் போட்டு, கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் எழுத்தெல்லாம் வாசிக்க வைத்து, ஒரு குறையும் இல்லை என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர் சொன்னார்: "டொக்டர் எழுத்தைத்தானே பார்க்கிறார். நெருப்பின்ர நிறத்தை அவர் எங்கை கண்டவர்?"

அந்த வருத்தத்துக்கு மருந்து என்னிடம் மட்டும்தான் இருந்தது. மூன்று மாதமாக அதை மறைத்து வைத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்வோம் என்று எழும்புவேன். சம்மட்டியைப் பார்த்ததும் வாய் ஒட்டிவிடும்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னால் வவுனியாவிலிருந்து இறைச்சிக்கடை முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், மோட்டார் சைக்கிளில் வந்தார். வருடா வருடம் எங்களிடம்தான் கத்தி அடிப்பிப்பவர். என் மனுசன் கதிரையைத் தூக்கிப் போட்டு, அவரை இருத்திவிட்டுச் சொன்னார்:

"நானா, குறை நினைக்காதேங்கோ. எனக்குக் கண் மங்குது. இனி வேற ஆளைப் பாருங்கோ."

நானா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு அவர் போனார். என் மனுசன் குறடுகளைத் துடைத்து, ஒவ்வொன்றாக உரப்பைக்குள் போடத் தொடங்கினார். மூன்றாவது குறடு பைக்குள் விழுந்த சத்தத்தில் எனக்கு வாய் திறந்தது.

"இஞ்சாருங்கோ, உங்கட கண்ணில பிழை இல்லை. நான்தான் மூண்டையும் திருப்பிக் காய்ச்சிச் சாம்பலுக்குள்ள வைச்சனான். தெறிச்சிடும் எண்டு பயந்து செய்தனான்."

அவர் கை அப்படியே நின்றது.

"மூண்டையுமோ?"

"ஓம்."

"அப்ப நான் பார்த்த நிறம் சரியோ?"

"எல்லாம் சரி. தேன் நிறத்திலதான் நிப்பாட்டினீங்கள்."

ஏசுவார் என்று நின்றேன். அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். அவர் நானா இருந்த கதிரையில் போய் மெதுவாக இருந்தார். இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தார்.

"நீ கடைக்குப் போற நேரம் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு நடந்து பழகினனான்" என்றார். "கட்டிலில இருந்து குசினி அடுப்புக்குப் பதினொரு எட்டு. கிணத்தடிக்கு இருபத்தேழு. ரெண்டு தரம் கிணத்துக் கட்டில அடிபட்டு விழுந்தனான். உனக்குச் சொன்னா நீ பயப்பிடுவாய் எண்டுதான் சொல்லேல்லை."