பதில் சொன்ன பெட்டி எது?

“ப்ரூஃப் வேணும் மேடம். பேப்பர்ல குடுங்க” என்றார் மேனேஜர். போன வெள்ளிக்கிழமை காலை, போனில்.

என்ன ப்ரூஃப்? அஞ்சலை என்கிற பம்ப் ஆபரேட்டர் தினமும் மதியம் நெட்வொர்க் பெட்டியை அணைத்து வைக்கிறார் என்பதற்கான ப்ரூஃப். அதைக் காட்டி அவரை வேலையை விட்டு அனுப்ப வேண்டும். மேனேஜருக்கு அவசரம். எனக்கு... உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமை. நான் போட்டுக் கொடுத்த நெட்வொர்க் ஒரு ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டதே.

இந்தப் பக்கத்தை வாராவாரம் புரட்டுகிறவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். திண்டிவனத்தில் சின்னதாக ஒரு ஆபீஸ். பள்ளிக்கூடம், ரைஸ் மில், கல்யாண மண்டபம் என்று யார் கூப்பிட்டாலும் போய் ஒயர் இழுத்து நெட்வொர்க் போட்டுக் கொடுப்பது. கூட பாஸ்கர் — நாற்பது வயது, இரண்டு பெண்களுக்கு அப்பா, ஏணி ஏறுவதில் சூரர். இந்த வருடம் மாசி மாதம் மரக்காணத்தில் ஒரு உப்பளத்தில் எங்களுக்கு வேலை கிடைத்தது.

ஒன்பது பம்ப் கொட்டகைகள், ஒரே நேர்கோட்டில். ஒவ்வொன்றிலும் பாத்திக்கு உப்புத் தண்ணீர் விடுவதற்கு ஒரு மோட்டார். மோட்டார் ஓடுகிறதா, பாத்தியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று ஆபீஸில் இருந்தபடியே திரையில் பார்க்க வேண்டும். அதற்காகக் கொட்டகைக்கு ஒரு ஸ்விட்ச் வைத்தோம். லைட் போடுகிற ஸ்விட்ச் இல்லை. நாலைந்து நெட்வொர்க் ஒயர்களை ஒன்றுசேர்க்கிற, பச்சை விளக்கு மினுக்குகிற பெட்டி.

இந்தப் பெட்டிக்கு ஒரு குணம் உண்டு. முகவரியே கொடுக்காவிட்டாலும் அது பாட்டுக்குத் தன் வேலையைப் பார்க்கும். ஒரு ஒயரில் வந்ததை இன்னொரு ஒயரில் தள்ளிவிடும். ஆனால் தூரத்தில் இருந்து அதைக் கூப்பிட்டு “ஏம்பா, நல்லா இருக்கியா?” என்று விசாரிக்க வேண்டுமானால், அதற்கென்று ஒரு முகவரி வேண்டும். மேனேஜ்மென்ட் ஐ.பி. என்று நாங்கள் சொல்வது அதைத்தான். வீட்டுக்குக் கதவு எண் மாதிரி.

எண் விஷயத்தில் நான் கறார் பேர்வழி. ஒன்பது ஸ்விட்சையும் என் மேஜையில் வரிசையாக வைத்தேன். ஒன்றாம் கொட்டகைக்கு 11-ல் முடிகிற முகவரி, இரண்டாவதுக்கு 12, இப்படியே ஒன்பதாவதுக்கு 19. முகவரி, அதோடு சேர்ந்து வருகிற மாஸ்க், கேட்வே என்கிற எண்கள் எல்லாவற்றையும் அடித்து, சேவ் பண்ணி, கரண்டைப் பிடுங்கி மறுபடி போட்டு, அடித்தது அழியாமல் இருக்கிறதா என்றும் பார்த்தேன். அடிப்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் கொட்டகை எண்ணை என் கையாலேயே எழுதினேன். பாஸ்கர் அவற்றை எடுத்துக்கொண்டு போய் இரண்டு நாளில் மாட்டிவிட்டு வந்தார்.

அப்புறம் சரிபார்ப்பு. உப்பள ஆபீஸில் உட்கார்ந்து ஒவ்வொரு முகவரிக்கும் பிங் அனுப்பினேன். பிங் என்றால் வேறொன்றும் இல்லை, ‘இருக்கியா?’ என்று கேட்டு, ‘இருக்கேன்’ என்று பதில் வாங்குவது. ஒன்பது கேள்வி, ஒன்பது பதில். அதோடு விட்டேனா? நேரிலும் ஒன்றைப் பார்த்துவிடுவோம் என்று வரிசைக்கு நடுவில் இருக்கிற ஐந்தாம் கொட்டகைக்கு நடந்தே போனேன். அதன் பக்கத்தில் மட்டும்தான் ஒரு வேலிகாத்தான் மர நிழல் இருந்தது. லேப்டாப்பைச் சொருகிப் பார்த்தால்... 15. மிகச் சரி. மேனேஜரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

சித்திரை பிறந்து வெயில் ஏறியது. ஏதாவது ஒரு ஸ்விட்ச் பதில் சொல்லவில்லை என்றால் மேனேஜரின் போனுக்கு மெசேஜ் போகும்படி வைத்திருந்தேன். போனது. ‘கொட்டகை 3 – இணைப்பு இல்லை.’ தினமும் மதியம் இரண்டு மணிக்கு மேல் வரும். நாலு மணி வாக்கில் தானாகச் சரியாகிவிடும். மூன்றாம் கொட்டகை யார் பொறுப்பு என்று அவர் வரைபடத்தைப் பார்த்தார். அஞ்சலை. மோட்டாரை நிறுத்திவிட்டுத் தூங்குகிறார், அது தெரியக் கூடாது என்று பெட்டியை அணைக்கிறார் — அவர் மனசுக்குள் கேஸ் முடிந்துவிட்டது. எட்டு நாள் திட்டிப் பார்த்தார். ஒன்பதாவது நாள் எனக்குப் போன் செய்தார். இணைப்பு போன நேரத்தை எல்லாம் கம்ப்யூட்டர் குறித்து வைத்திருக்கும் இல்லையா, அதுதான் ப்ரூஃப்.

பாஸ்கர் வேறு ஊரில் வேலையாக இருந்தார். அந்த நேரங்களின் பட்டியலைப் பிரிண்ட் எடுத்து, பழக்கதோஷத்தில் உதிரி சாமான் பையையும் மாட்டிக்கொண்டு, ஸ்கூட்டியில் பிரம்மதேசம் வழியாகப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை.

நேராக ஆபீஸுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஒருவரின் வேலையைப் பறிக்கிற காகிதம் பையில் இருக்கிறது, அந்த முகத்தை ஒருமுறை பார்த்துவிடலாமே என்று தோன்றியது. நல்லெண்ணம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் பாதிதான் அது. மீதி, அணைக்கும்போதே பிடிக்கலாம் என்கிற துப்பறியும் சபலம்.

ரோட்டில் இருந்து வரப்பு மேல் நடந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. உள்ளே நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி, கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் வாளி மேல் உட்கார்ந்திருந்தார். மடியில் திறக்காத டிபன் பாக்ஸ். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மோட்டாரைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த எங்கள் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்கதான் இந்தப் பொட்டி வச்ச மேடமா?” என்றார்.

“ஆமாங்க.”

“நீங்களே சொல்லுங்க மேடம். நான் இன்னாத்துக்கு இத ஆஃப் பண்ணப் போறேன்? மேனேஜரு தெனம் போன் போட்டு, ஏம்மா ஆஃப் பண்ற, ஏம்மா ஆஃப் பண்றன்னு கேக்குறாரு. எட்டு நாளா சோத்தக்கூட இங்கியே வச்சிக்கினு இதும் மூஞ்சியதான் பாத்துக்கினு உக்காந்திருக்கேன். எனக்குத் தெரியாம வேற யார்னா வந்து ஆஃப் பண்றாங்களோன்னு.”

தப்பு செய்தவர்கள் இப்படித்தான் உருக்கமாகப் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். என்ன செய்வது... பையில் காகிதம் இருந்தால் காது கொஞ்சம் மந்தமாகிவிடுகிறது.

அவர் காலை நீட்டிக் காட்டினார். பாதம் முழுக்கப் புண் ஆறிய தழும்புகள். பல வருடம் பாத்தியில் நின்று உப்பு வாரியவர். புண் ஆறவே இல்லை என்று டாக்டர் சீட்டு கொடுத்த பிறகுதான் பம்புக்கு மாற்றினார்களாம். “இந்த வேலையும் போச்சுன்னா மறுபடி பாத்தியிலதான் எறங்கணும். இந்தக் கால வச்சிக்கினு எப்படி எறங்குவேன்?” என்றார்.

மணி இரண்டு பத்து. என் போன் அடித்தது. மேனேஜர்.

“பாத்தீங்களா மேடம்? இன்னிக்கும் ஆஃப் பண்ணிட்டாங்க. இப்பத்தான் மெசேஜ் வந்துச்சு.”

பெட்டியைப் பார்த்தேன். பச்சை விளக்குகள் வரிசையாக மினுக்கிக்கொண்டிருந்தன. மோட்டார் சத்தத்தில் மேனேஜர் சொன்னது அஞ்சலைக்குக் கேட்கவில்லை. எனக்கு நன்றாகவே கேட்டது.

“சார், நான் மூணாம் கொட்டகைலதான் நிக்கிறேன். பெட்டி ஆன்லதான் இருக்குது.”

“அது எப்படி மேடம்? ஸ்க்ரீன்ல செவப்பு காட்டுதே.”

லேப்டாப்பைச் சொருகி ஸ்விட்சையே கேட்டேன், உன் முகவரி என்ன என்று. 17 என்றது. இன்னொரு முறை கேட்டேன். 17. ஸ்க்ரூவைக் கழற்றித் திருப்பினேன். அடிப்பக்கத்தில் மார்க்கர் பேனாவால், என் கையெழுத்தில், ஏழு.

“இது மூணாவது கொட்டகைதானேம்மா?”

“மூணா? யாரு சொன்னா? இது ஏழாவதுங்க.”

“ரோட்டுலேர்ந்து மூணாவதுதானே?”

“ரோட்டுலேர்ந்து யாருங்க எண்ணுவாங்க? தண்ணி கழுவெளி ஏரிப் பக்கத்துலேர்ந்துதானே வருது. மொதல்ல தண்ணி வர்ற கொட்டாதான் ஒண்ணு. நாங்க எப்பவும் அப்படித்தான் சொல்றது. பொட்டி மாட்ட வந்த அண்ணங்கூட கேட்டாரு, இது எத்தினியாவதுன்னு. ஏழுன்னு சொன்னேன். மாட்டிட்டுப் போயிட்டாரு.”

“மேனேஜர் உங்ககிட்ட மூணாம் நம்பர்னு சொல்லலையா?”

“நம்பர்லாம் எங்க சொன்னாரு? உன் பொட்டி, உன் பொட்டின்னுதான் திட்டுனாரு.”

அவ்வளவுதான் விஷயம். ஆபீஸ் வரைபடத்தில் ஒன்று என்பது ஈ.சி.ஆர். ரோட்டுப் பக்கம், லாரி வந்து நிற்கிற இடம். வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று என்பது தண்ணீர் வருகிற பக்கம். மொத்தம் ஒன்பது என்பதால், அங்கிருந்து ஏழாவது, இங்கிருந்து மூன்றாவது. நான் வரைபடத்தைப் பார்த்து எண் போட்டேன். பாஸ்கர் கொட்டகையில் இருந்தவர்களைக் கேட்டு மாட்டினார். இருவருமே ஒழுங்காகத்தான் வேலை செய்தோம், அதுதான் வேடிக்கை.

அப்படியானால் நான் நேரில் போய்ச் சரிபார்த்தது? ஐந்தாம் கொட்டகை. ஒன்பதில் நடு. ரோட்டில் இருந்து எண்ணினாலும் ஐந்து, கழுவெளியில் இருந்து எண்ணினாலும் ஐந்து. ஒன்பது கொட்டகையில், தப்பு நடந்திருந்தாலும் தெரியவே தெரியாத ஒரே கொட்டகையை நிழலுக்காகத் தேடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

நிஜமான மூன்றாம் ஸ்விட்ச் கழுவெளிப் பக்கத்தில் இருந்து மூன்றாவது கொட்டகையில் இருந்தது. போய்ப் பார்த்தேன். பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கிற அடாப்டர் உப்புக் காற்றில் துரு பூத்திருந்தது. மதிய வெயிலில் சூடேறி நின்றுவிடும், வெயில் தாழ்ந்ததும் மறுபடி உயிர் வரும். யாரும் எதையும் அணைக்கவில்லை. அந்தக் கொட்டகைக்காரர் நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவரை எட்டு நாளில் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவத்தில் பாதி அடாப்டருடையது, மீதி என்னுடையது.

வரப்பில் திரும்பி நடக்கும்போது ஒரே யோசனை. பிங் அனுப்பினேன், பதில் வந்தது. பதில் சொன்னது எந்தப் பெட்டி என்று ஏன் கேட்கவில்லை? பதில் வந்துவிட்டால் போதும் என்கிற சோம்பல்தான். ஊரில் இருக்கிற அம்மாவிடம் போனில் ‘சாப்டியா?’ என்று கேட்கிறோம். ‘ஆச்சு’ என்று வருகிறது. என்ன சாப்பிட்டார், எப்போது சாப்பிட்டார் என்று கேட்கிறோமா? வைத்துவிடுகிறோம். மேனேஜரை மட்டும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவர் திரையை நம்பினார். அந்தத் திரையைக் கொடுத்தது நான்.

ஆபீஸுக்குப் போய்ச் சொன்னேன். “தப்பு என்னோடது சார். அந்தம்மா ஒண்ணும் பண்ணல.”

அவர் வரைபடத்தில் கொட்டகைகளை விரலால் எண்ணிப் பார்த்தார். “அப்ப அந்தப் பேப்பர்?” என்றார்.

“கிழிச்சிட்டேன் சார்.”

“வரைபடத்த மாத்த முடியாது மேடம். நீங்க நம்பர மாத்திக்குங்க.”

சரி என்றேன். ஆனால் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு கொட்டகை வாசலிலும் இரண்டு எண்ணும் பெயின்டில் எழுத வேண்டும். ‘ரோடு 3, தண்ணி 7’ என்று. முதலில் முகத்தைச் சுளித்தார், பிறகு ஒத்துக்கொண்டார்.

கெட்ட அடாப்டரை மாற்றினேன். இரண்டு பெட்டிக்கு ஒரே முகவரி வந்துவிட்டால் புதுக் குழப்பம் என்று, முதலில் அந்தக் கொட்டகைப் பெட்டிக்குத் தற்காலிகமாக வேறொரு எண் கொடுத்துவிட்டு, அஞ்சலையின் கொட்டகைக்கு வந்து 17-ஐ 13 ஆக்கினேன். இனி சரிபார்க்க வேண்டும். இந்த முறை பதில் வருகிறதா என்று பார்த்தால் போதாது. கண் முன்னால் இருக்கிற பெட்டியை அணைத்தால், சரியான முகவரி பேச்சை நிறுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். நான் லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டேன்.

“அஞ்சலை, அந்தப் பெட்டிய ஆஃப் பண்ணுங்க.”

அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “நான் தொட மாட்டேங்க.”

“நான்தானே சொல்றேன்.”

“வேணாம் மேடம். எட்டு நாளா தொடாத பொருளு. இப்பத் தொட்டா, பாத்தியா இவதான்னு ஆயிடும்.”

மேனேஜருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன். “சார், நீங்களே அவங்ககிட்ட சொல்லுங்க.”

“ஆஃப் பண்ணும்மா அஞ்சல” என்றார். பிறகு, இன்னும் தாழ்ந்த குரலில், “நீ ஒண்ணும் பண்ணலன்னு மேடம் சொன்னாங்க.”

மேனேஜர்கள் இதற்கு மேல் மன்னிப்பு கேட்டு நான் பார்த்ததில்லை. நான் கேட்டேன், வாய்விட்டு. அஞ்சலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய் ஸ்விட்சை அணைத்தார். பச்சை விளக்குகள் போயின. லேப்டாப்பில் 13 பேசுவதை நிறுத்தியது.

“மூணு போயிடுச்சு மேடம்” என்றார் மேனேஜர், போனில்.

“ஆமா சார். இப்பதான் அது மூணு.”

மறுபடி போடச் சொன்னேன். போட்டார். அப்புறம் வாளியைத் திருப்பிப் போட்டு, பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, டிபன் பாக்ஸைத் திறந்தார். மணி நாலரை.

நான் மீதிக் கொட்டகைகளுக்குக் கிளம்பினேன்... நிழல் இருக்கிற ஐந்தாவதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று.