விமலாராணிக்கு வந்த மைக்

வானதூதர்களிலேயே ஒன்பது படிநிலைகள் உண்டு என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். அப்படியிருக்க, கோவை உக்கடத்துப் பக்கம் இருக்கும் ஒரு பங்குக் கோயிலின் பாடகர் குழு மட்டும் சமத்துவமாக இருந்துவிடுமா? முன்வரிசைக்கு ஆளுக்கொரு மைக். நடுவரிசைக்கு ரெண்டு பேருக்கு ஒரு மைக். கடைசி வரிசைக்கு ஒரு மின்விசிறி, அவ்வளவுதான்.

ஆர்.எஸ்.புரம் ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டும் விமலாராணி, கல்யாணமாகி இந்தப் பங்குக்கு வந்த நாள் முதல் மின்விசிறி வரிசைதான். மகள் ஜெனிஷா காலேஜ் முடித்து வேலைக்கே போய்விட்டாள். அம்மாவுக்கு மைக் மட்டும் வரவே இல்லை. ஒருநாளாவது தன் குரல் கோயில் முழுக்கக் கேட்க வேண்டும் என்பது அவளுக்குத் தீராத ஆசை.

பங்குத் திருவிழா அன்று முன்வரிசை ஃபெமினாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கீபோர்டு வாசித்துக் குழுவை நடத்தும் அமிர்தராஜ் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார்.

"ஏனுங்க விமலாக்கா, இன்னைக்கு முன்னால வாரீங்களா?"

"வாரேனுங்க தம்பி!"

பதில் முடிவதற்குள் ஆள் முன்வரிசையில் இருந்தாள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இன்றைக்குச் சொதப்பினால் ஆயுசுக்கும் பின்வரிசைதான் என்பது மட்டும் புரிந்தது.

வருகைப் பாடல் தொடங்கியது. விமலாராணி வழக்கம்போலவே பாடினாள். வினையே அதுதான். மைக் இல்லாமல் வாசல் வரை எட்ட வேண்டும் என்றே பாடிப் பழகிய தொண்டை, மைக்கை வாயோடு ஒட்டிவைத்துக்கொண்டு திறந்தது. ஸ்பீக்கர் அலறியது. கைக்குழந்தைகள் வீறிட்டன. புறாக்கள் கோபுரத்தைக் காலி செய்தன. பவனியாக வந்த ஃபாதர் நடுவழியில் நின்றே விட்டார்.

அவளோ கண்ணை மூடிக்கொண்டு, சொர்க்கத்துக்கே போய்விட்டவளாக, திருப்பலி முடியும்வரை எல்லாப் பாட்டையும் பாடித் தீர்த்தாள்.

"அக்கா, உங்க மைக்கை மொதப் பாட்டுலயே ஆஃப் பண்ணிப்போட்டேனுங்க" என்றார் அமிர்தராஜ்.

விமலாராணிக்கு முகம் செத்துவிட்டது. "அப்ப நான் பாடுனது யாருக்குமே கேக்கலீங்களா தம்பி?"

"கேக்கலீங்களாவா? ரோட்டுல நின்னவங்களுக்கே கேட்டுச்சாமுங்க! இனி முன்வரிசைலயே நில்லுங்க. மைக் மட்டும் வேண்டாமுங்க, கும்பிட்டுக் கேக்கறேன்."

அடுத்த ஞாயிறு முன்வரிசையில் வெறுங்கையோடு நின்றவள் அவள் ஒருத்திதான். சிரிப்பை அடக்கவே முடியவில்லை. கைகளை என்ன செய்வதென்றும் தெரியவில்லை. கூப்பிக்கொண்டு, தொண்டையைத் திறந்தாள்.